ஊர்க் கல்யாணத்துக்குப் பழைய பாணி சூட் தைக்கக் கொடுப்பவர்களுக்கு

தங்கை மகள் கல்யாணத்துக்கு வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் போய்த் திரும்பிப் பத்து நாள் ஆகிறது. புறப்படும் முன் இணையத்தில் தனி ஆளாகத் தொழில் செய்யும் ஒரு தையற்காரரிடம் பழைய பாணியில் இரண்டு சூட் தைக்கக் கொடுத்திருந்தேன். ஒன்று எனக்கு, இன்னொன்று சித்தப்பாவுக்கு. என்னுடையது அருமையாக அமைந்தது. சித்தப்பாவின் சூட்டில் நான் செய்த தவறுகளை நீங்களும் செய்துவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

எல்லாம் ஒரு படத்திலிருந்து தொடங்கியது. அப்பாவும் சித்தப்பாவும் இளவயதில் ஸ்டூடியோவில் எடுத்துக்கொண்ட படம். இருவரும் போட்டிருப்பது படம் எடுக்க வருபவர்களுக்காக ஸ்டூடியோவில் மாட்டி வைத்திருந்த கோட்டுகள். அப்போதே அவை பழசு. அகலமான லேப்பல் (காலருக்குக் கீழே மார்பில் மடிந்து விழும் பட்டை), டபுள் பிரெஸ்ட் (முன்பக்கம் ஒன்றன் மேல் ஒன்று ஏறி, இரண்டு வரிசையாகப் பட்டன்), ஆறு பட்டன். அப்பாவுக்குக் கச்சிதமாக இருக்கிறது. சித்தப்பாவுக்குக் கை நீளம் அதிகம், விரல் முட்டி வரை தொங்குகிறது. அப்பாவின் கடைசி நாட்களில் நான் பக்கத்தில் இல்லை. அந்த மாதிரி ஒரு கோட்டைப் போட்டுக்கொண்டு கல்யாண வீட்டில் நிற்க வேண்டும் என்று ஆசை வந்தது. போனில் சொன்னதும் சித்தப்பா, "அப்ப எனக்கும் ஒண்ணு கொண்டு வா தம்பி. அந்தப் படத்துல எனக்கு அது சரியாவே இல்லை" என்றார்.

சரி, முதலில் தைக்கக் கொடுப்பது பற்றி.

"1940கள் பாணி" என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே வெட்டு மாறியது. பிரிட்டனில் போர்க்காலத் துணித் தட்டுப்பாட்டால் 1942இல் டபுள் பிரெஸ்ட் கோட்டையும் பேன்ட்டின் கால்மடிப்பையும் தடை செய்தார்கள். தடை விலகியது 1944இல். ஆக 1941 சூட் வேறு, 1943 சூட் வேறு. எந்த ஆண்டு வேண்டும் என்று சொல்லுங்கள், படம் அனுப்புங்கள், கூடவே அளவும் எழுதுங்கள். நான் படத்தில் காலர் ஓரத்திலிருந்து தோள் விளிம்பு வரை ஸ்கேல் வைத்து அளந்து, லேப்பல் அதில் எத்தனை பங்கு என்று பார்த்தேன். ஏறக்குறைய முக்கால் பங்கு. என் தோளுக்குக் கணக்குப் போட்டால் நாலங்குலம் வந்தது. "அகலமான லேப்பல்" என்று எழுதியிருந்தால் தையற்காரர் மூன்றரையில் நிறுத்தியிருப்பார், படத்தில் இருக்கும் கம்பீரம் வந்திருக்காது.

பேன்ட் தொப்புள் மட்டத்தில் நிற்க வேண்டும். இன்றைக்கு நாம் போடும் ஜீன்ஸின் இடுப்பு அளவை அப்படியே கொடுத்துவிட்டால் கோட்டின் பட்டனுக்குக் கீழே சட்டை எட்டிப் பார்க்கும். டேப்பைத் தொப்புள் மேல் வைத்து அளந்து, அந்த இடத்தின் அளவு என்று தனியாகக் குறிப்பிடுங்கள்.

பழைய சூட்டுகள் அப்படி விழுந்து நிற்பதற்குத் துணியின் கனமே பெரிய காரணம். கெஜத்துக்கு 14 முதல் 18 அவுன்ஸ் வரையுள்ள கம்பளித் துணியை அன்று சாதாரணமாக உடுத்தினார்கள். இன்று கடையில் தொங்குபவை பெரும்பாலும் 8, 9 அவுன்ஸ்தான். ஆனால் ஊர் வெயிலில் 16 அவுன்ஸ் போட்டுக்கொண்டு நிற்க முடியாது. அதற்கு வழி, முறுக்கேற்றிய நூலில் காற்றுப் புகுமாறு இடைவெளி விட்டு நெய்த ஃப்ரெஸ்கோ. 1907இல் இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டில் பெயர் பதிவான துணி இது. வெயிலுக்காகவே வந்தது, கசங்கினாலும் தானாக நிமிரும். 9, 10 அவுன்ஸிலும் மடிப்பு கம்பீரமாக விழுகிறது. கை வைத்தால் சற்றுச் சொரசொரப்பாக இருக்கும், அதற்காக வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

மார்புப் பகுதி விறைப்பாக நிற்க உள்ளே என்ன துணி வைத்துத் தைக்கிறார் என்றும் கேளுங்கள். பசையால் ஒட்டும் பக்ரம் என்றால் சில சலவைக்குப் பிறகு மார்பில் கொப்புளம் கட்டலாம். கேன்வாஸை ஊசியால் பிடித்துத் தைப்பவரிடம் கொடுங்கள். பாதி தைத்த நிலையில் உள்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னால் நல்ல தையற்காரர் சந்தோஷமாக அனுப்புவார். லைனிங் பாலியஸ்டர் வேண்டாம், முதுகு வெந்துவிடும். வியர்வையை உறிஞ்சும் துணிகளான குப்ரோ அல்லது விஸ்கோஸ் கேளுங்கள்.

பணம் கார்டில் கட்டுங்கள், ஏதாவது ஆனால் வங்கி மூலம் முறையிட இடமிருக்கும். இணையத்தில் வாங்கியதை 14 நாளுக்குள் திருப்பித் தரும் உரிமை ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் உண்டு, ஆனால் உங்கள் அளவுக்கென்று தைத்த உடைக்கு அது பொருந்தாது. தனி ஆள் தொழில் செய்யும் இடத்தில் மூன்று மாதம் என்றால் நான்காகலாம். கல்யாணத் தேதியைச் சொல்லாதீர்கள், அதற்கு ஆறு வாரம் முந்தைய தேதியைச் சொல்லுங்கள்.

நான் அப்படிச் சொல்லவில்லை. சூட் தயாராகவும் என் பயணத் தேதி நெருங்கவும் சரியாக இருந்தது. என் வீட்டுக்கு அனுப்பினால் நான் கிளம்பிய பிறகு வந்து சேரும் என்ற பயத்தில், நேராக ஊருக்கே, சித்தப்பா பெயருக்கு அனுப்பச் சொல்லிவிட்டேன். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

தையற்காரர் நல்ல எண்ணத்தில் சுங்கப் படிவத்தில் "அன்பளிப்பு" என்று எழுதி, மதிப்பையும் குறைத்துப் போட்டுவிட்டார். ஊரில் சுங்க அலுவலகத்தில் பொட்டலத்தைப் பிரித்தார்கள். உள்ளே இரண்டு கம்பளி சூட். சித்தப்பாவுக்குக் கடிதம் போனது. அவர் அடையாள அட்டையோடு போனார். பில் கேட்டார்கள். அது என்னிடம் இருந்தது. எனக்குச் சொன்னால் கவலைப்படுவேன் என்று என் தங்கை மகனிடம் சொல்லி, "சும்மா பார்க்கத்தான்" என்று என்னிடம் பில்லின் படத்தை வாங்கிக்கொண்டார். நானும் கேள்வி கேட்காமல் அனுப்பினேன். இரண்டாம் நாள் போனால், போனில் காட்டினால் ஆகாது, அச்செடுத்து வாருங்கள் என்றார்கள். மூன்றாம் நாள் அச்செடுத்துப் போனார். பில்லில் இருந்த தொகையும் படிவத்தில் இருந்த தொகையும் பொருந்தவில்லை. அதோடு பில் என் பெயரில், பொட்டலம் அவர் பெயரில். பணம் கட்டியவரிடமிருந்து கடிதம் வேண்டும் என்றார்கள்.

நான் போய் இறங்கிய அன்று இரவுதான் இதெல்லாம் தெரிந்தது. மேசை மேல் ஒரு பிளாஸ்டிக் உறை. உள்ளே கடிதம், அவருடைய அடையாள அட்டையின் நகல் மூன்று, அச்செடுத்த பில், ஒரு துண்டுத் தாளில் அவர் கையெழுத்தில் ஜன்னல் எண்களும் நேரமும். "நாலாம் ஜன்னல். பத்தரைக்கு மேல். மதியம் இல்லை." அவருக்கு 79 வயது.

மறுநாள் இருவரும் போனோம். தண்ணீர் பாட்டிலும் குடையும் எடுத்துக்கொண்டார். எந்த பெஞ்சில் மின்விசிறிக் காற்று வரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. முறை வந்ததும் நாலாம் ஜன்னலில் என்னை முன்னே நிறுத்தி, "இவர்தான் எங்க அண்ணன் பையன்" என்றார். நான் கோபத்தோடு பேசத் தயாராகப் போயிருந்தேன். அங்கிருந்தவர் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சரியான மதிப்பை எழுதியிருந்தா முதல் நாளே முடிஞ்சிருக்கும் சார். பெரியவரை இத்தனை தரம் அலைய விட்டுட்டீங்களே" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. வரியும் அபராதமும் கட்டி, கையெழுத்துப் போட்டு, பொட்டலத்தை வாங்கி வெளியே வர மூன்று மணி ஆகிவிட்டது. பேருந்தில் அதை அவர் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். என்னிடம் தரவில்லை.

ஆகவே சூட்டை நீங்கள் வாழும் இடத்துக்கே வரவழைத்து, நீங்களே எடுத்துப் போங்கள். தோளை உள்வெளியாகத் திருப்பி ஒன்றுக்குள் ஒன்று செருகி மடித்தால் பெட்டியில் ஒன்றும் ஆகாது. அனுப்பியே தீர வேண்டும் என்றால், உண்மையான விலையைப் போடச் சொல்லுங்கள். மதிப்பைக் குறைத்துப் போட்டால் பொட்டலம் தொலைந்தாலும் இழப்பீடு அந்தக் குறைந்த தொகைக்குத்தான். பொருளின் பெயரை "ஆண்கள் கம்பளி சூட்" என்று தெளிவாகவும், சுங்க வகை எண் 6203.11 என்றும் எழுதச் சொல்லுங்கள். பில், பொட்டலத்தைப் பெறுபவர் பெயரிலேயே இருக்கட்டும், அதன் நகல் பொட்டலத்தின் வெளியே ஒட்டியிருக்கட்டும். பெறுபவர் வயதானவர் என்றால் அவர் பெயரைப் போடவே வேண்டாம்.

இனி அடுத்த தவறு. நான் ஊரைவிட்டுப் புறப்பட்ட அன்று குளிருக்கு உள்ளே போட்டுக்கொள் என்று சித்தப்பா தன் முழுக்கைச் சட்டை ஒன்றைத் தந்தார். 17 வருடமாக அது என்னிடம் இருக்கிறது. அதையே அளவுச் சட்டையாக வைத்து அளந்து தையற்காரருக்கு அனுப்பினேன். சட்டை அளவில் கோட்டு தைக்கக் கூடாது என்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்தச் சட்டையைப் போட்ட மனிதர் இப்போது அந்த உடம்பில் இல்லை. வீடியோவில் வாராவாரம் முகத்தைப் பார்க்கிறோம். தோள் இறங்கியதும் முதுகு வளைந்ததும் அதில் தெரிவதில்லை.

போட்டுப் பார்த்தார். தோள் இரண்டு பக்கமும் ஓர் அங்குலம் தள்ளி நின்றது. ஊர் டெய்லரிடம் எடுத்துப் போனோம். இடுப்பைப் பிடித்துத் தந்தார், பேன்ட்டைக் குறுக்கினார். தோளைத் தொட மறுத்துவிட்டார், அவர் சொன்னது சரிதான். தோளும் கோட்டின் நீளமும் முதலில் தப்பினால் தப்பியதுதான். கையையும் குறைக்க முடியவில்லை, ஏனென்றால் கைநுனியில் அழகுக்காக நிஜ காஜா வெட்டித் தரச் சொன்னவன் நானே. காஜா வெட்டிய கையைக் கீழிருந்து குறைக்க வழியில்லை. பட்டனை மட்டும் தைத்து, காஜா வெட்டாமல் அனுப்பச் சொல்லுங்கள். கை சரியாக நிற்கிறது என்று தெரிந்த பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

கல்யாணத்தன்று அதையேதான் போட்டுக்கொண்டார். கை விரல் முட்டி வரை இருந்தது. படம் எடுத்துக்கொண்டோம்.

திரும்பும் முந்தின நாள் மாலை அவரை வாசலில் நிற்க வைத்து நானே அளவெடுத்தேன். செருப்புப் போட்டு, வழக்கமாக எப்படி நிற்பாரோ அப்படி. மார்பு 36. தொப்புள் மட்டத்தில் 34. வலது தோள் இடதைவிட அரை அங்குலம் தாழ்வு. முன், பின், பக்கவாட்டு என்று மூன்று படம். மூச்சை அடக்கிக்கொண்டு நிமிர்ந்து நின்றார். "சாதாரணமா நில்லுங்க சித்தப்பா" என்று இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது.