பெங்களூருவில் கத்தி அடிக்க ஒரு சின்ன கேஸ் உலை

கத்தி செய்ய ஆசைப்பட்டு கேஸ் உலை பற்றித் தேடினால் முதலில் கண்ணில் படுவது அமெரிக்கக்காரர்கள் போட்ட வீடியோக்கள்தான். அளவெல்லாம் தெளிவாகச் சொல்லியிருப்பார்கள், நாமும் அப்படியே குறித்துக்கொண்டு சாமான் வாங்க எஸ்.ஜே.பி. ரோட்டுக் கடைகளுக்குக் கிளம்பிவிடுவோம். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. அவர்கள் எரிப்பது பெரும்பாலும் புரோப்பேன், நம் சிலிண்டரில் இருப்பது பியூட்டேனும் புரோப்பேனும் கலந்த எல்பிஜி. ஒரு பங்கு புரோப்பேன் முழுசாக எரிய சுமார் 24 பங்கு காற்று போதும், பியூட்டேனுக்கு 31 பங்கு வேண்டும். போதாததற்கு பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, இங்கே காற்று சென்னையைவிடக் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு லேசு. இரண்டும் சேர்ந்தால் அந்த அளவில் செய்த பர்னருக்குக் காற்று பற்றாது. உலை வாயில் ஆரஞ்சுத் தீ நீளமாக நாக்கு நீட்டும், உள்ளே சூடு ஏறாது, கேஸ் தீரும், கார்பன் மோனாக்சைடு வேறு கிளம்பும்.

அதனால் நான் முதலில் சிபாரிசு செய்வது ப்ளோயர் வைத்த பர்னரைத்தான். காற்றைத் தானே இழுத்துக்கொள்ளும் வெஞ்சுரி பர்னருக்குக் கரண்ட் வேண்டாம், சத்தம் குறைவு, செய்வதும் சுலபம், அதெல்லாம் உண்மை. ஆனால் ப்ளோயர் இருந்தால் காற்றை வால்வில் கூட்டிக் குறைக்கலாம், எந்த கேஸ் வந்தாலும் சரிக்கட்டிக்கொள்ளலாம். ஒன்று மட்டும் மறக்கவே கூடாது: கரண்ட் போனால் ப்ளோயர் நிற்கும், கேஸ் நிற்காது, அது காற்றுக் குழாய் வழியாகப் பின்னாடி ஏறி ப்ளோயருக்குள் போகும். ப்ளோயருக்கு வரும் அதே கரண்ட் லைனில் இணைத்து, கரண்ட் இல்லாவிட்டால் தானாக மூடிக்கொள்ளும் சொலினாய்டு வால்வு ஒன்றை கேஸ் குழாயில் போட்டே ஆக வேண்டும். வெஞ்சுரிதான் வேண்டுமென்றால் வரைபடத்தில் சொன்னதைவிட ஒரு சைஸ் சின்ன ஜெட், அதாவது கேஸ் பீச்சும் துளை, போடுங்கள். மிக் வெல்டிங் டிப்தான் ஜெட், வெல்டிங் சாமான் கடைகளில் கிடைக்கும்.

உலை எவ்வளவு பெரிசு? இதில்தான் எல்லாரும் ஆசைப்படுகிறார்கள். வாள் அடிக்கலாம், அருவாள் அடிக்கலாம் என்று பெரிசாகக் கட்டுவார்கள், கடைசியில் அதில் சூடாவது ஒரு சமையல் கத்தி. கம்பியில் ஒரு நேரத்தில் சுத்தியல் படுவது ஒரு சாண் நீளத்துக்குக்கூட இல்லை, அந்த அளவு சூடானால் போதும். 8 அங்குல எம்.எஸ். (சாதா இரும்பு) பைப்பில் 30 செ.மீ. துண்டு எடுங்கள், ஜாலி மொஹல்லாவில் பழைய இரும்பாகவே கிடைக்கும். உள்ளே 25 மி.மீ. செராமிக் ஃபைபர் பிளாங்கெட், அதாவது சூடு தாங்கும் பஞ்சு விரிப்பு, இரண்டு சுற்று வைத்தால் நடுவில் 10 செ.மீ. வாய் மிஞ்சும், கொள்ளளவு இரண்டரை லிட்டருக்கும் குறைவு. இதற்கு அரை அங்குல பர்னர் தாராளம். முக்கால் அங்குல பர்னர் ஐந்தாறு லிட்டர் உலைக்கானது. பழைய கேஸ் சிலிண்டரை வெட்டி உலை செய்கிற வேலை வேண்டவே வேண்டாம், உள்ளே தங்கியிருக்கும் கேஸ் ஒரு பொறிக்குக் காத்திருக்கும், தவிர சிலிண்டர் நம் சொத்தும் இல்லை.

பிளாங்கெட் வாங்கும்போது 1260 டிகிரி கிரேடு, 128 கிலோ அடர்த்தி என்று கேட்டு வாங்குங்கள். பீன்யா பக்கம் ஃபர்னஸ் சாமான் விற்பவர்களிடம் துண்டாகவும் கேட்டுப் பார்க்கலாம். இனி கவனம். இந்த இழை நுரையீரலுக்குக் கெடுதல், வெட்டும்போது நல்ல ரெஸ்பிரேட்டர் (ஃபில்டர் வைத்த முகமூடி) வேண்டும், கர்ச்சீப் கட்டினால் போதாது. சூடுபட்ட பிறகு இன்னும் மோசம், அதனால் வெறும் பிளாங்கெட்டோடு உலையைப் பற்றவே வைக்காதீர்கள். உள்ளே வைத்து அமுக்கியதும் இழையை விறைக்க வைக்கும் கொலாய்டல் சிலிகா திரவத்தை ஸ்ப்ரேயரில் ஊற்றி, பஞ்சு நனைந்து கனக்கும்வரை அடியுங்கள். ஒரு நாள் காயட்டும், அப்புறம் பர்னரைச் சின்னதாக வைத்து விட்டு விட்டு எரியவிடுங்கள், முதலில் ஆவி வரும், பிறகு லேசாகக் கருகின வாசனை வரும். ஆறியதும் விரலால் அழுத்தினால் பஞ்சு மாதிரி அமுங்காமல் அட்டைபோல விறைப்பாக நிற்க வேண்டும். அதன் மேல் சூடு தாங்கும் ரிஃப்ராக்டரி சிமென்ட் ஒரு பூச்சு. உலையின் தரைக்கு மட்டும் ஹை அலுமினா கேஸ்டபிளோ (சூடு தாங்கும் காங்கிரீட் கலவை) மெல்லிய செங்கல்லோ போடுங்கள், ஏனென்றால் பட்டை பட்டையாக இரும்பை ஒட்டவைக்கத் தூவும் வெங்காரம் உருகி ஓடினால் செராமிக் ஃபைபரைத் தின்றுவிடும்.

ரெடிமேடாக வாங்குகிறவர்களும் இதையேதான் பார்க்க வேண்டும்: பிளாங்கெட் ஒரு சுற்றா இரண்டா, பூச்சு இருக்கிறதா, ரெகுலேட்டர் நம் ஊர் சிலிண்டர் வால்வில் உட்காருமா. விலை மலிவாக வருவதில் பாதி இந்த மூன்றிலும் தேறாது.

சிலிண்டர் விஷயத்துக்கு வருவோம். வீட்டு 14.2 கிலோ சிலிண்டரைச் சமையலைத் தவிர வேறு வேலைக்கு எடுப்பது சட்டப்படி தவறு, 19 கிலோ கமர்ஷியல் வாங்குங்கள். சட்டத்தை விடுங்கள், வேலைக்கே அதுதான் நல்லது. கேஸை வேகமாக இழுக்கும்போது சிலிண்டர் குளிர்ந்து வெளியே பனி பிடிக்கும், பிரஷர் இறங்கும், சின்ன சிலிண்டரில் இது சீக்கிரமே நடக்கும். டிசம்பர் காலையில் இன்னும் சீக்கிரம், அதிலும் புரோப்பேன் முன்னால் போய்விட்ட கடைசி கால்வாசியில் ரொம்பவே. சாதாரணத் தண்ணீர்த் தொட்டியில் சிலிண்டரை நிறுத்தலாம், வேறு எந்த வகையிலும் சூடு காட்டக் கூடாது. அடுப்பு ரெகுலேட்டர் தரும் பிரஷர் வெஞ்சுரிக்குப் பத்தவே பத்தாது, கேஜ் வைத்த ஹை பிரஷர் ரெகுலேட்டரும் ஐ.எஸ். 9573 முத்திரை உள்ள ஹோஸும் தேவை. ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள், ஒவ்வொரு தடவையும்.

இடம்: அபார்ட்மெண்ட் பால்கனி கிடையாது. 30×40 சைட்டில் கட்டிய வீடென்றால் மொட்டை மாடி நல்லது, தகரக் கூரை போட்டு நாலு பக்கமும் திறந்திருக்கட்டும். எல்பிஜி காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு தவழ்ந்து படிக்கட்டு வழியாகக் கீழே இறங்கும், அதனால் சிலிண்டரைப் படிக்கட்டுக் கதவிலிருந்து தள்ளி வையுங்கள். நிழல் கட்டாயம், வெயிலில் இரும்பின் நிறம் தெரியாது.

பற்றவைக்கும் வரிசை: எரியும் காகிதத்தை உள்ளே வைத்து, ப்ளோயரை மெல்ல ஓடவிட்டு, அதற்குப் பிறகு கேஸ். வாய்க்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். உலை வாயில் சின்ன நீலச் சுடர் மட்டும் எட்டிப் பார்க்கிற அளவுக்குக் காற்றைக் கூட்டுங்கள். தீ அறவே வெளியே வராமல் கத்தி மேல் செதில் செதிலாகக் கருப்பு உரிந்தால் காற்று அதிகம் என்று அர்த்தம்.

கத்திக்கு லாரி லீஃப் ஸ்பிரிங், இ.என். 31 என்கிற பேரிங் எஃகு இரண்டும் இந்த உலைக்குச் சரியாக வரும். துவைச்சலுக்கு, அதாவது சூடான கத்தியை எண்ணெயில் முக்கிக் கடினமாக்குவதற்கு, முன்னால் காந்தத்தை ஒட்டிப் பாருங்கள், 770 டிகிரியில் காந்தம் பிடிப்பதை விட்டுவிடும், அதற்கு மேல் ஐம்பது அறுபது டிகிரி ஏறியதும் வெதுவெதுப்பான எண்ணெயில் முக்கலாம். அடிப்பதற்கு வைத்த தீயிலேயே துவைச்சலும் போடாதீர்கள், குறைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுங்கள், மெல்லிய முனைதான் முதலில் கருகும்.

அணைக்கும்போது முதலில் சிலிண்டர் வால்வு. குழாயில் மிஞ்சியது எரிந்து தீரட்டும். ப்ளோயர் மட்டும் இன்னும் பத்து நிமிஷம் ஓடட்டும், இல்லாவிட்டால் உலைச் சூடு பர்னர் குழாய் வழியாக ஏறி ப்ளோயரின் பிளாஸ்டிக்கை உருக்கிவிடும்.