வோல்ட்டும் ஆம்பியரும் தெரிந்தால் ஓமும் வாட்டும் கையில்: பைக் பல்பை வைத்து ஒரு செய்முறை

பைக் இண்டிகேட்டரில் போடும் 12 வோல்ட், 21 வாட் குண்டு பல்பு ஒன்று, 12 வோல்ட் பேட்டரி ஒன்று, சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று, கொஞ்சம் வயர். இவ்வளவு போதும். சுவரில் இருக்கும் 230 வோல்ட் பக்கம் இப்போது போக வேண்டாம். கணக்கு அங்கேயும் இதேதான். ஆனால் கை தவறினால் இங்கே வயர்தான் சுடும், அங்கே ஆளையே பிடித்துக்கொள்ளும்.

மனப்பாடம் செய்ய இரண்டே வரி:

மின்தடை (ஓம்) = வோல்ட் ÷ ஆம்பியர்
மின்திறன் (வாட்) = வோல்ட் × ஆம்பியர்

முதல் வரிக்குச் சொந்தக்காரர் ஜெர்மனியின் கியோர்க் சைமன் ஓம். 1827-இல் அச்சில் வந்த விதி, இன்றும் அப்படியே ஓடுகிறது.

படி 1: வோல்ட் பாருங்கள்

பல்பைப் பேட்டரியோடு இணைத்து எரிய விடுங்கள். மீட்டரை டிசி (பேட்டரி தரும் நேர்திசை மின்சாரம்) 20 வோல்ட்டில் வையுங்கள். பல்பின் இரண்டு முனையிலும் முனைக்கு ஒன்றாக மீட்டரின் ப்ரோபால் (மீட்டர் வயரின் ஊசி முனை) தொட வேண்டும். பேட்டரி முனையில் தொட்டால் என்ன என்று தோன்றும். வயரிலேயே கொஞ்சம் வோல்ட் செலவாகிவிடும். பல்புக்கு வந்து சேர்ந்தது எவ்வளவு என்பதுதான் நமக்கு வேண்டியது. 12.2 என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம்.

படி 2: ஆம்பியர் பாருங்கள்

புதியவர்கள் தடுக்கி விழும் இடம் இது. வோல்ட்டைப் பக்கவாட்டில் நின்று எட்டிப் பார்க்கிறோம். ஆம்பியரை வழிமறித்துத்தான் பார்க்க முடியும். அதனால் ஒரு வயரைக் கழற்றி, அந்த இடைவெளியில் மீட்டரை நுழைக்க வேண்டும். சிவப்பு ப்ரோபைப் பிடுங்கி 10 ஆம்பியர் துளையில் செருகுங்கள், திருகையும் அதே இடத்துக்குத் திருப்புங்கள். பல்பு மறுபடி எரியும். 1.70 என்கிறது.

பார்த்து முடித்ததும் சிவப்பு ப்ரோபை உடனே பழைய துளைக்கு மாற்றிவிடுங்கள். நான் ஒருமுறை மாற்ற மறந்து, வோல்ட் பார்க்கிற நினைப்பில் நேராகப் பேட்டரியில் வைத்தேன். சடக்கென்று ஒரு பொறி. ப்ரோப் முனை கருகி, வயரின் உறை இளகிப்போனது. அந்தத் துளையில் இருக்கும்போது மீட்டர் கிட்டத்தட்ட வெறும் கம்பிதான். பேட்டரியின் இரண்டு முனையையும் கம்பியால் சேர்த்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது.

படி 3: கணக்கு

12.2 ÷ 1.70 = 7.18 ஓம்
12.2 × 1.70 = 20.7 வாட்

பல்பின் மேல் 21 வாட் என்று அச்சிட்டிருக்கிறது, ஒத்துப்போகிறது. மீட்டர் மில்லிஆம்பியரில் காட்டினால் மட்டும் முதலில் 1000-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். 20 மில்லிஆம்பியர் என்றால் 0.02 ஆம்பியர்.

படி 4: இப்போது ஒரு வேடிக்கை

பல்பைத் தனியாகக் கழற்றி, ஆறவிட்டு, மீட்டரை ஓமில் வைத்து அளந்து பாருங்கள். 7 வராது, 1 ஓமுக்குக் கீழேதான் வரும். கணக்கும் சரி, மீட்டரும் சரி. உள்ளே இருக்கும் டங்ஸ்டன் இழை ஆறியிருக்கும்போது ஒரு தடை, வெள்ளையாகக் காய்ந்து எரியும்போது பத்து மடங்குக்கும் மேலான தடை. நாம் வகுத்துக் கண்டது எரியும்போது உள்ள தடையை. சுவிட்ச் போட்ட நொடியில் குண்டு பல்பு பட்டென்று ஃபியூஸ் ஆவதும் இதனால்தான்: இழை சூடாகும் முன் அந்த ஒரு கணம் ஆம்பியர் தாறுமாறாக ஏறுகிறது.

வீட்டுச் சாமானுக்கு வருவோம்

அயர்ன் பாக்ஸில் 230 வோல்ட், 1000 வாட் என்று போட்டிருக்கும். ஆம்பியரை நாமே எடுக்கலாம்: 1000 ÷ 230 = 4.35. தடை: 230 ÷ 4.35 = 52.9 ஓம். இதை அளந்தும் பார்க்கலாம். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, பிளக்கின் இரண்டு தடித்த பின்களுக்கு இடையே... இல்லை, மூன்றில் மேலே இருக்கும் பெரிய பின் எர்த், அதை விட்டுவிட்டு, கீழே இருக்கும் இரண்டில் அளக்க வேண்டும். சூட்டுத் திருகை ஏற்றி வைத்திருக்க வேண்டும். அணைத்த நிலையில் மீட்டர் ஒன்றும் காட்டாது. உள்ளே இருப்பது நைக்ரோம் கம்பி. சூட்டுக்கு அதன் தடை அதிகம் மாறாது என்பதால் 53-ஐ ஒட்டியே வரும்.

சாயங்காலம் லோ வோல்டேஜில் சட்டை மடிப்பு ஏன் போகவில்லை என்பதற்கும் விடை இதிலேயே இருக்கிறது. லைனில் 180 வோல்ட்தான் வருகிறது என்றால், 180 ÷ 52.9 = 3.40 ஆம்பியர். 180 × 3.40 = 612 வாட். வோல்ட் குறைந்தது 22 சதவீதம், சூடு குறைந்தது 39 சதவீதம். வோல்ட் இறங்கும்போது ஆம்பியரையும் கூடவே இழுத்துக்கொண்டு இறங்குவதால் அடி இரட்டிப்பாக விழுகிறது.

இந்தக் கணக்கை ஃபேன், ஃப்ரிட்ஜ், மோட்டாரில் அப்படியே போடாதீர்கள். ஏசி மின்சாரத்தில் (வீட்டு லைனில் வரும் மாறுதிசை மின்சாரம்) ஓடும் மோட்டாரில் வோல்ட்டும் ஆம்பியரும் ஒரே நேரத்தில் உச்சிக்கு வருவதில்லை. பெருக்கி வரும் எண் உண்மையான வாட்டைவிடக் கூடுதலாக இருக்கும். அதற்கு பவர் ஃபேக்டர் என்ற இன்னொரு எண்ணாலும் பெருக்க வேண்டும். ஹீட்டர், அயர்ன் பாக்ஸ், குண்டு பல்பு வரை தைரியமாகப் போடலாம்.

பழக்கத்துக்கு ஒன்று. வாளியில் போடும் 1500 வாட் ஹீட்டர்: 1500 ÷ 230 = 6.5 ஆம்பியர். அதைச் செருக நினைத்த சாக்கெட்டின் முகத்தைப் பாருங்கள். 6 என்று எழுதியிருந்தால், பக்கத்து அறையில் 16 எழுதிய பெரிய சாக்கெட் இருக்கிறதா என்று தேடுங்கள்.