வசனத்தில் மரியாதையை எழுதுவது எப்படி

யார் யாரை ‘நீ’ என்கிறார், யாரை ‘நீங்க’ என்கிறார், எதிரில் இல்லாதவரை ‘அவன்’ என்கிறாரா ‘அவர்’ என்கிறாரா என்று எழுதத் தொடங்கும் முன்பே ஒரு கட்டம் போட்டு வையுங்கள். இல்லையென்றால் 10ஆம் காட்சியில் ‘வாங்க’ என்றவர் 12ஆம் காட்சியில் காரணமே இல்லாமல் ‘வா’ என்பார். காட்சிகளை வரிசை மாற்றிப் படமாக்கும்போது இது எளிதில் நழுவிப்போகும்.

‘ங்க’ ஒட்டினாலே பணிவு வந்துவிடாது. ‘கதவைச் சாத்துங்க’ கட்டளைதான். ‘சாத்திடுறீங்களா?’ என்பது மறுக்க இடம் கொடுக்கிறது. ‘காத்து ரொம்ப அடிக்குதே’ என்றால் எதையும் கேட்கவே இல்லை. ஆனாலும் எதிரில் இருப்பவர் எழுந்து போய்க் கதவைச் சாத்துவார். அதிகாரம் குறைந்த பாத்திரத்துக்கு இந்த மூன்றாவது வகை கச்சிதம். முதலாளி சொன்னால் அதே வரி மிரட்டலாகவும் ஒலிக்கும்!

மரியாதை மாறும் இடம்தான் பலமான கருவி. சண்டையில் கத்தவிட வேண்டாம். ‘நீ’ என்றே பழகியவர் திடீரென ‘நீங்க கிளம்பலாம்’ என்றால் உறவு முறிந்தது புரிந்துவிடும். அடிக்கடி செய்தால் மழுங்கிவிடும்.

‘தயவுசெய்து’ பேச்சில் அறிவிப்புப் பலகை வாசிப்பதுபோல் இருக்கும். வெட்டிவிட்டு ‘கொஞ்சம்’ போடுங்கள்: ‘கொஞ்சம் நகருங்க’.

ஆங்கிலப் படத்துக்குத் தமிழில் குரல் கொடுக்க வசனத்தை மொழிமாற்றும்போது இன்னொரு சிக்கல்: அங்கே முன்னிலைக்கு ஒரே சொல்தான், எனவே நீயா நீங்களா என்பதை நீங்களே முடிவுசெய்ய வேண்டும். ‘வாங்க’ என்பது ‘வா’வைவிட நீளம், உதட்டசைவுக்குள் அடங்காவிட்டால் வேறொரு சொல்லைக் குறையுங்கள், மரியாதையை அல்ல.