கூகுளில் வராத எங்கள் மாங்கூழ் வெப்சைட்

கிருஷ்ணகிரியில் உள்ள எங்கள் மாங்கூழ் ஆலைக்குப் புது வெப்சைட் போட்டு மூன்று வாரம் ஆகியும், பெயரை அப்படியே அடித்தால்கூட கூகுளில் வரவில்லை. பக்கங்களின் பட்டியலான சைட்மேப்பைக் கூகுளுக்கு மறுபடி கொடுத்தேன். தேடுபொறி எந்தப் பக்கங்களுக்கு வரலாம் என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பில் தடை இல்லை. தலைப்புகளை மாற்றி எழுதியதில் நான்கு நாள் போனது. இண்டெக்ஸில், அதாவது கூகுளின் தேடல் பட்டியலில், சேராத பக்கத்துக்கு அதனால் பயனே இல்லை.

அப்புறம், தளம் தேடலில் எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டும் கூகுளின் சர்ச் கன்சோலில் பக்கத்தின் முகவரியைக் கொடுத்துப் பார்த்தேன். 'நோஇண்டெக்ஸ்' (பட்டியலில் சேர்க்காதே என்ற கட்டளை) இருப்பதால் விலக்கியதாகச் சொன்னது. பக்கத்தின் சோர்ஸ் கோடில் தேடினால் அந்தச் சொல்லே இல்லை! சர்வர் பக்கத்தோடு தனியாக அனுப்பும் ஹெடர் என்ற தகவல் வரிகளில், 'எக்ஸ்-ரோபோட்ஸ்-டேக்' என்ற வரியில் இருந்தது. பிரவுசரின் நெட்வொர்க் பகுதியைத் திறந்தால் அது கண்ணில் படும். சோதனைக் காலத்தில் போட்டது, யாரும் எடுக்கவில்லை. சர்வர் அமைப்புக் கோப்பில் அதை நீக்கி, சேமித்து வைத்த பழைய நகல்களான கேஷைக் காலி செய்து, இண்டெக்ஸ் செய்யக் கோரினேன். ஐந்தாம் நாள் முகப்புப் பக்கம் வந்துவிட்டது. அப்பாடா!