தவளைக் கல்லீரலில் நீர் மாசை அளப்பது: குளக்கரை முதல் ஸ்லைடு வரை

தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. அடிவயிற்றுத் தோலால் உறிஞ்சுகிறது. இடுப்புப் பக்கத்து இரத்தத்தில் ஒரு பகுதி வயிற்றுச் சிரை வழியாகக் கல்லீரலுக்குப் போகிறது, குடல் இரத்தமும் அங்கேதான் வருகிறது. தண்ணீரில் கரைந்திருப்பது முதலில் முட்டும் உறுப்புகளில் ஒன்று கல்லீரல். அதற்காக, கறுத்த கல்லீரலைக் கண்டதும் "சாயக் கழிவு" என்று எழுதிவிட முடியாது. பட்டினி, வயது, பருவம் மூன்றும் அதே கறுப்பைத் தரும். இந்த வேலையில் பாதி, இவற்றை விலக்குவதுதான்.

இடத் தேர்வில்தான் பலர் சறுக்குகிறார்கள். சாயக் கழிவு கலந்த நொய்யல் ஆற்றை எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பூருக்குக் கீழே உள்ள தேக்கத்தை மலையடிவார ஓடையோடு ஒப்பிட்டால் வெப்பம், இரை, தவளை இனம் எல்லாமே மாறிவிடும். ஆற்று நீர் ஏறாத, மழையை மட்டும் நம்பிய பக்கத்து ஊர்க் குளமே சரியான ஒப்பீடு. ஒரு குளத்தில் பத்துத் தவளை பிடித்தாலும் கணக்கில் அது ஒரு குளம்தான். மாசுபட்டது, படாதது என இரு பக்கமும் குறைந்தது மூன்று மூன்று குளங்கள் வேண்டும்.

தவளை எடுக்கும் அன்றே நீரும் எடுங்கள். கரைந்த ஆக்சிஜன், பிஎச், மின்கடத்துதிறன், வெப்பநிலை ஆகியவற்றைக் கரையிலேயே அளக்க வேண்டும். குரோமியம் போன்ற மொத்த உலோகங்களுக்குப் பிளாஸ்டிக் பாட்டிலில் நைட்ரிக் அமிலம் விட்டு பிஎச் 2க்குக் கீழே இறக்குங்கள். பூச்சிக்கொல்லிக்குப் பழுப்புக் கண்ணாடிப் பாட்டில், ஐஸ் பெட்டி. சாயக் கழிவில் உப்பு அதிகம் என்பதால் மின்கடத்துதிறனை விட்டுவிட்டால், உப்பு தந்த பாதிப்பை உலோகத்தின் தலையில் கட்டிவிடுவீர்கள்.

வனத்துறை அனுமதியும் விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் கையில் இல்லாமல் வலையைத் தொட வேண்டாம். ஒரே இனம், ஒரே அளவு, ஆண் மட்டும், ஒரே வாரம். முட்டைக்கான மஞ்சள்கருப் புரதத்தைக் கல்லீரலே தயாரிப்பதால் பெண் தவளையின் எடைக்கணக்கு குழம்பும். பிடித்த அன்றே முடித்துவிடுங்கள், தொட்டியில் நாள்கணக்கில் வைத்தால் பட்டினியின் தடம் விழும். சோடியம் பைகார்பனேட்டால் நடுநிலையாக்கிய எம்எஸ் 222 என்ற மயக்க மருந்துக் கரைசலில் மயக்குங்கள். நடுநிலையாக்காத கரைசல் அமிலமாகித் தோலை எரிக்கும்.

எடை போடும் முன் சிறுநீர்ப்பையைக் காலி செய்து உடலைத் துடையுங்கள். தவளை அங்கே நிறைய நீர் தேக்கும். கல்லீரல் எடையை உடல் எடையால் வகுத்து நூறால் பெருக்குங்கள்: 20 கிராம் தவளையில் 0.6 கிராம் கல்லீரல் என்றால் கல்லீரல் எடைக் குறியீடு 3. பித்தப்பையை உடைக்காமல் எடுங்கள், பித்தம் பட்ட திசு கெட்டுவிடும்.

அடுத்தது திசுவைக் கெடாமல் காக்கும் ஃபார்மலின் கரைசல். வணிக ஃபார்மலின் 100 மி.லி., வடிநீர் 900 மி.லி., சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் மோனோஹைட்ரேட் 4 கிராம், நீரற்ற டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 6.5 கிராம். எல்லாத் தவளையிலும் கல்லீரலின் ஒரே மடலிலிருந்து 3 முதல் 5 மி.மீ. தடிமனில் வெட்டி, திசுவைப் போல் இருபது மடங்கு கரைசலில் ஒரு நாள் வையுங்கள். பாஸ்பேட் சேர்க்காத ஃபார்மலின் அமிலமாகி, இரத்தத்தோடு சேர்ந்து பழுப்புக் கறுப்புத் துகளைப் படியவைக்கும். நீங்கள் தேடும் மெலனின் நிறமியும் கிட்டத்தட்ட அதே நிறம்! சந்தேகம் வந்தால் ஆல்கஹாலில் கரைத்த பிக்ரிக் அமிலத்தில் ஸ்லைடை நனையுங்கள். ஃபார்மலின் துகள் போய்விடும், மெலனின் போகாது. பிக்ரிக் அமிலம் காய்ந்தால் வெடிக்கும், எப்போதும் ஈரமாகவே இருக்கட்டும்.

மெழுகில் பதித்த திசுவில் 5 மைக்ரான் சீவல், ஹீமடாக்சிலின்–இயோசின் சாயம். தேட வேண்டியது மெலனோமேக்ரோஃபேஜ் திரள்கள், அதாவது சிதைந்த செல்களின் எச்சத்தை விழுங்கிய கறும்பழுப்புச் செல்கள். நுண்ணோக்கியில் பெரிய இரத்தக்குழாய் இல்லாத பத்துக் காட்சிப் புலங்களைப் படமெடுத்து, அவை அடைக்கும் பரப்பு விழுக்காட்டை இமேஜ்ஜே மென்பொருளில் அளக்கலாம். பெர்ல்ஸ் சாயத்தில் நீலமானால் அது இரும்பு. சிவப்பணு அதிகமாக அழிந்திருக்கலாம். கல்லீரல் செல்லுக்குள் வட்டமான வெற்றிடம், ஓரத்துக்குத் தள்ளப்பட்ட உட்கரு என்றால் கொழுப்பு. ஒழுங்கற்ற, பஞ்சுபோன்ற வெளுப்பு என்றால் கிளைக்கோஜன், அது நோயல்ல. மெழுகில் பதிக்கும்போது கொழுப்பைச் சைலீன் கரைத்துவிடுவதால் உறுதிசெய்ய உறைசீவலும் (உறையவைத்துச் சீவிய திசு) கொழுப்பைக் காட்டும் ஆயில் ரெட் ஓ சாயமும் வேண்டும்.

ஸ்லைடில் குளத்தின் பெயரை எழுதாதீர்கள். வேறொருவர் எண் போட்டுக் கலைத்துத் தரட்டும். அளந்து முடித்த பிறகே எண் பட்டியலைத் திறக்க வேண்டும்.