சிகரெட்டை மரபணு தலையில் கட்டும் முன்

"தாத்தாவுக்குப் பீடி, அப்பாவுக்கு சிகரெட், எனக்கு ரத்தத்துலயே ஊறிப்போச்சு, எங்க விட முடியும்?" டீக்கடையில் இதைக் கேட்காதவர்கள் குறைவு. முழுப் பொய்யும் இல்லை, அதுதான் சிக்கல்.

இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளில் நிக்கோட்டின் அடிமைத்தனத்தில் மரபணுவின் பங்கு ஏறக்குறைய 50 சதவீதம் என்று வருகிறது. உடனே, என் பழக்கத்தில் பாதி மரபணு, பாதிதான் நான் என்று பாகம் பிரித்துவிடாதீர்கள். அந்தக் கணக்கு தனி ஆளுக்கானது இல்லை, ஒரு பெரிய கூட்டத்தில் ஆளுக்கு ஆள் தெரியும் வித்தியாசம் எதனால் வருகிறது என்பதற்கானது.

'சிகரெட் மரபணு' என்று ஒன்று தனியாக உட்கார்ந்திருப்பதாக நினைப்பதும் தப்பு. 2019-ல் சுமார் 12 லட்சம் பேரின் தரவை அலசியபோது புகை, மது இரண்டுக்கும் சேர்த்து 400-க்கும் மேற்பட்ட இடங்கள் மரபணுத் தொகுப்பில் சிக்கின. அதில் பேர்பெற்றது 15-வது குரோமோசோமில் இருக்கும் ஒரு மாற்றம். அதுவே அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ வரும் ஒவ்வொரு நகலுக்கும் நாளொன்றுக்கு ஒரு சிகரெட் போலத்தான் கூட்டுகிறது.

எனக்கு இதில் சுவாரசியமான ஆள் கல்லீரல். அங்கே சிஒய்பி2ஏ6 என்றொரு நொதி நிக்கோட்டினை உடைக்கிறது, சிலருக்கு வேகமாக, சிலருக்கு மெதுவாக. வேகமாக உடைந்தால் அடுத்த சிகரெட்டுக்கான ஏக்கமும் சீக்கிரம் வரும். ஒரே பெஞ்சில் டீ குடிக்கும் இரண்டு நண்பர்களில் ஒருத்தர் டம்ளரை வைத்ததும் அடுத்ததைப் பற்ற வைக்க, இன்னொருத்தர் மதியம் வரை தாக்குப்பிடிக்கிறார் என்றால், அதில் மன உறுதியோடு இந்த நொதிக்கும் கை இருக்கலாம். அதனால் "அவன் விட்டுட்டான், உனக்கென்ன கேடு?" என்று திட்டுவது வீண். மெதுவாக உடைப்பவர்கள் "நமக்கு ஒண்ணும் ஆகாது" என்று நிம்மதியாக இருப்பது அதைவிட மோசம், புகையில் வரும் தாரும் கார்பன் மோனாக்சைடும் நொதி பார்த்து வருவதில்லை.

தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பேட்ச் போட்டும் விட முடியவில்லை என்றால் எதுவுமே வேலை செய்யாது என்று முடிவு கட்டாதீர்கள். 2015-ல் வந்த ஒரு சோதனையில், வழக்கமான வேகத்திலோ அதைவிட வேகமாகவோ உடைப்பவர்களுக்கு, புகையை விட பேட்சைக் காட்டிலும் வேரெனிக்ளின் என்ற மாத்திரை நன்றாக உதவியது. மெதுவாக உடைப்பவர்களுக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான், மாத்திரையில் பக்கவிளைவுத் தொல்லை மட்டும் கூடுதல்.

சாக்கு சொல்வதில் பெரிய மேதைகளும் சளைத்தவர்கள் இல்லை. 1950-களின் கடைசியில் புள்ளியியல் அறிஞர் ரொனால்ட் ஃபிஷர், புகைக்கத் தூண்டும் மரபணுவே நுரையீரல் புற்றுநோயையும் தரக்கூடும், சிகரெட்மேல் பழி போடாதீர்கள் என்று வாதாடினார். அவர் பைப் பிடிப்பவர், புகையிலைக் கம்பெனிகளுக்கு ஆலோசகரும்கூட. பிறகு ஃபின்லாந்தில் ஒருவர் மட்டும் புகைத்த இரட்டையர் ஜோடிகளைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். ஒரே கருவிலிருந்து வந்த, மரபணு ஒத்த ஜோடிகளிலும் பெரும்பாலும் முதலில் இறந்தது புகைத்தவர்தான்.

சரி, மரபணு டெஸ்டுக்குக் காசு கட்டலாமா? நான் கட்ட மாட்டேன். காலையில் கண் விழித்து எத்தனை நிமிஷத்தில் முதல் சிகரெட் என்று பாருங்கள். 5 நிமிஷத்துக்குள் என்றால் பிடி இறுக்கம். டாக்டரிடம் தாத்தா கதைக்கு முன்னால் அதைச் சொல்லுங்கள்.