தரையைத் தொடுவதெல்லாம் அடிப்பக்கம் இல்லை: திண்ம உருவங்களை அடையாளம் காண்பது எப்படி?

ஒரு தீப்பெட்டி, சீவாத ஆறுபட்டைப் பென்சில், பால் பவுடர் டப்பா, ஒரு பந்து. இவற்றை மேசையில் வைத்துக்கொண்டு படியுங்கள். படத்தில் பாதி முகங்கள் (உருவத்தின் வெளிப்பரப்புகள்) மறைந்துபோகும். கையில் வைத்துத் திருப்பினால்தான் மனதில் பதியும்.

படி 1: விரலால் தடவுங்கள்

வளைபரப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உருட்டிப் பார்க்க வேண்டாம், ஆறுபட்டைப் பென்சிலும் உருளும். வளைபரப்போடு இரண்டு சம வட்டங்கள் எதிரெதிரே இருந்தால் உருளை (டப்பா). ஒரு வட்டம் இருந்து, மறுமுனை கூராக முடிந்தால் கூம்பு. தட்டையான முகமே இல்லாத பந்து, கோளம்.

படி 2: தட்டையான முகங்களை எண்ணுங்கள்

எண்ணிய முகத்தில் சாக்பீஸால் புள்ளி வையுங்கள். இல்லாவிட்டால் ஒன்றையே இரண்டு முறை எண்ணிவிடுவோம். முகத்தின் வடிவத்தையும் எழுதிக்கொள்ளுங்கள், எண்ணிக்கை மட்டும் போதாது. முக்கோணப் பட்டகத்துக்கும் (ஆய்வகக் கண்ணாடி முப்பட்டகத்தின் வடிவம்) 5 முகங்கள், சதுரப் பிரமிடுக்கும் 5 முகங்கள். முதலாவதில் 2 முக்கோணம், 3 செவ்வகம். அடுத்ததில் 4 முக்கோணம், 1 சதுரம்.

படி 3: அடிப்பக்கத்தைத் தேடுங்கள்

பலரும் தடுமாறுவது இங்கேதான். அடி என்றதும் தரையைத் தொடும் பக்கம் என்று நினைத்துவிடுகிறோம். பள்ளி ஆய்வகத்தில் கண்ணாடி முப்பட்டகத்தைத் தாளில் நிறுத்தி, சுற்றிக் கோடு வரைந்தது நினைவிருக்கிறதா? அப்போது கீழே இருந்தது முக்கோணம். அதையே படுக்க வைத்தால் செவ்வகம் கீழே வரும். உருவம் மாறவில்லை, ஆகவே அடிப்பக்கமும் மாறாது. அது முக்கோணம்தான்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரே வடிவமும் ஒரே அளவும் கொண்ட இரண்டு முகங்கள் இணையாக எதிரெதிரே இருந்து, நடுவில் செவ்வகங்கள் அவற்றை இணைத்தால் அது பட்டகம். அந்த ஜோடிதான் அடிப்பக்கங்கள்; பெயரும் அதிலிருந்தே வரும். பென்சிலின் இரு முனையிலும் அறுகோணம், எனவே அறுகோணப் பட்டகம். தீப்பெட்டியில் இப்படி மூன்று ஜோடிகள் இருப்பதால் எதை வேண்டுமானாலும் அடிப்பக்கமாகக் கொள்ளலாம். அது கனச்செவ்வகம், ஆறு முகமும் சதுரமானால் கனச்சதுரம்.

முக்கோணங்கள் எல்லாம் ஒரே உச்சியில் கூடினால் பிரமிடு. அந்த உச்சியைத் தொடாத ஒரே முகம் அடிப்பக்கம். எகிப்தின் கீசாவில் உள்ள பெரிய பிரமிடின் அடி, பக்கத்துக்கு ஏறத்தாழ 230 மீட்டர் நீளமுள்ள சதுரம். அதனால் அது சதுரப் பிரமிடு.

படி 4: சரிபாருங்கள்

அடிப்பக்கத்தின் வடிவத்துக்கு எத்தனை பக்கங்களோ (முக்கோணத்துக்கு 3, அறுகோணத்துக்கு 6) அதோடு பட்டகத்துக்கு 2, பிரமிடுக்கு 1 கூட்டினால் மொத்த முகங்கள் வரும். பென்சிலுக்கு 6 + 2 = 8. எண்ணிப் பாருங்கள்.

அப்புறம் ஒரு பயிற்சி. 7 முகங்கள் உள்ள உருவம் ஐங்கோணப் பட்டகமா, அறுகோணப் பிரமிடா? இரண்டுக்கும் 7தான். முக்கோணங்கள் கூடும் உச்சி இருக்கிறதா என்று தேடுங்கள்.